பெரட்டுக்களத்தில் செல்வி மட்டும்

செவ்வாய், மஸ்கெலியா.

எல்லோரும் சேராவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே சொன்னேன். எட்டாம் வகுப்புப் படித்தவன் பேச்சை யார் கேட்டார்கள்? தோட்டத்தில் கூடுதல் கிலோ தேயிலைக் கொழுந்து பறிக்கக் கேட்டதை மறுத்து, வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் சும்மா உட்கார வேண்டும் என்பது என் திட்டம். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. உட்கார்ந்தது தங்கை மகள் செல்வி மட்டும். மற்றவர்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிவிட்டார்கள். நாளை முதல் அவளுக்கு வேலை இல்லை என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டார்.

"வரி கட்டமாட்டேன்னு ஜெயிலுக்குப் போன வெள்ளக்கார எழுத்தாளருக்காக ஊரே வாசல்ல வந்து உக்காந்துச்சுன்னீங்களே மாமா, எங்க நம்ம ஊரு?" என்றாள்.

அவர் எழுதியதைப் படித்துத்தான் பல நாடுகளில் கை ஓங்காமல் போராடினார்கள். அது சத்தியம். ஊர் வந்தது மட்டும் நான் சேர்த்தது. அவர் தனியாகத்தான் ஜெயிலுக்குப் போனார்.