மாற்றுக்குரல்

ஜூன் 3, காலை 6.00

கடல்நீர் மட்டம் மாற்றமில்லை. குடிநீர்க் கருவி ஓடுகிறது. முகாமில் நேற்று ஒரு சாவு, வயோதிகம்.

நான் தில்லைநாயகி. மூன்றாம் மிதவை முகாம், கட்டுப்பாட்டு அறை. உதவி கேட்டு வரும் அழைப்புகளை எடுப்பது என் வேலை. கடல் ஊருக்குள் வந்து ஏழு வருஷம் ஆகிறது. இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாற்றுக்குரல் என்ற இயந்திரம் இன்று வந்து இறங்கியது. என் குரலில், என்னைப் போலவே பேசுமாம். அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்களை இனி அது பார்த்துக்கொள்ளும். எங்கள் மனநலத்துக்காகவாம். லீவு கேட்டோம், மெஷின் கொடுத்தார்கள்.

ஜூன் 19, மாலை 5.40

நன்றாகத்தான் பேசுகிறது. புருஷனைத் தேடி அலையும் ஒருத்தியிடம் பொறுமையாகப் பேசி, சாப்பிடவே வைத்துவிட்டது. எனக்கு அந்தப் பொறுமை இருந்த காலம் ஞாபகமில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் வருகிற அழைப்பையெல்லாம் அதன் தலையில் தள்ளிவிட்டுப் படுப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஜூன் 28, ஞாயிறு, மாலை 7.15

தள்ளியதில் என் மகளின் அழைப்பும் போய்விட்டது. நிறைமதிக்கு ஒன்பது வயது. ஏற்காட்டில் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். அவளை நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.

பதிவைப் போட்டுக் கேட்டேன். வகுப்பில் யாரோ அவளுடைய பென்சில் டப்பாவை ஒளித்து வைத்த கதை. என் குரல் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறது. வைக்கும்போது அவள் சொல்கிறாள்: "இன்னைக்குத்தாம்மா நீ நல்லா பேசின."

கோபம் வரவேண்டும். வரவில்லை. சாப்பிடப் போனேன்.

ஜூலை 5, ஞாயிறு, மாலை 6.30

இந்தத் தடவை நானே எடுத்தேன். போன வாரம் பேசியது நானில்லை, மெஷின் என்று சொல்லிவிட்டேன். அவள் ம் என்றாள். பிறகு, காய்ச்சலாக இருக்கிறது என்றாள்.

"எத்தனை பேருக்கு? குடிதண்ணி இருக்கா?"

தானாக வாயில் வந்துவிட்டது. காய்ச்சல் என்று யார் சொன்னாலும் ஏழு வருஷமாக அடுத்து இதைத்தான் கேட்கிறேன்.

"எனக்கு மட்டுந்தாம்மா. தண்ணி இருக்கு." அப்புறம் மெதுவாக, "அம்மா, அதுகிட்ட குடுக்கிறியா?"

கொடுத்தேன்.

ஜூலை 9, இரவு 9.00

படகு ஓட்டும் காதர் பாய் வயர்லெஸ்ஸில் வந்தார். "மேடம், உங்க பத்து நாள் லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. சனிக்கிழமை வர்றேன், பைய கட்டி வைங்க. புள்ள வழி பாத்துக்கிட்டிருக்கும்ல."

பை கட்டியாயிற்று. சாயந்திரம் பழைய பதிவுகளைப் போட்டு, அது பேசுவதுபோல் பேசிப் பார்த்தேன். அப்புறம். அப்புறம். எப்படிச் சொன்னாலும் விசாரணை மாதிரியே வருகிறது.

ஜூலை 11, சனி

படகு வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏணி வரை போனேன். பாய் கை நீட்டினார். அங்கே போய் பத்து நாளும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன கேட்கப்போகிறேன்? எத்தனை பேர். தண்ணீர் இருக்கா. திரும்பி வந்துவிட்டேன். அவர் ரொம்ப நேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

நான் வரவில்லை என்பதை நிறைமதிக்குச் சொல்லச் சொல்லி மாற்றுக்குரலிடம் கொடுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "கண்ணு, அம்மாவால வரமுடியலடா" என்று சொல்லும்போது என் குரல் உடைந்து தேம்பியது.

"அழாதம்மா, நான் இருக்கேன்ல" என்று அவள் அதைத் தேற்றினாள்.

குடிநீர்க் கருவி ஓடுகிறது. கடல்நீர் மட்டம் பார்க்கவில்லை.