பிளைத்துக்கு ஜோடி

ஹோபார்ட், 1910 ஆகஸ்ட் 3
நடுக் குளிர்காலம். சட்டமன்ற மேலவையில் கணப்பு எரிந்தும் விரல் விறைக்கிறது. இடைவேளையில் பிளைத் இருமிக்கொண்டே வந்தார். ஆட்டுப்பண்ணைக்காரர், எட்டு வருஷமாக நான் ஆதரித்ததையெல்லாம் எதிர்த்தவர். டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டாராம். "டிரெவின், எனக்கு ஜோடி போட்டுக்கய்யா" என்றார். அதாவது, அவர் திரும்பும்வரை நானும் ஓட்டுப் போடக் கூடாது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, கணக்கு நேர். காகிதம் கிடையாது, கைகுலுக்கல்தான். குலுக்கினேன். பாவம், கை கொதித்தது.

ஆகஸ்ட் 18
எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்துக்கான மசோதா கீழவையில் தேறிவிட்டது! செவ்வாய்க்கிழமை எங்களிடம் வருகிறது. பிளைத்தையும் என்னையும் விட்டுத் தலைகளை எண்ணினேன். ஏழுக்கு ஏழு. சமமானால் தலைவர் எதிராகத்தான் போடுவார். ஒரே ஒரு ஓட்டு குறைகிறது — என்னுடையது.

ஆகஸ்ட் 20, வீடு
மனைவி ஹெஸ்டரிடம் இந்த ஜோடி விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. போன குளிர்காலத்து வெள்ளத்தில் ஓடம் இரண்டு நாள் ஓடவில்லை. மருத்துவச்சி அக்கரையிலேயே நின்றுவிட்டாள். ஓடக்காரர் ஓட்ஸின் மகள் பிரசவத்தில் இறந்துபோனாள். கூட இருந்தது ஹெஸ்டர்தான்.

"அவளைக் குளிப்பாட்டி எடுத்தது நான். நீங்க கை குலுக்கினதுக்காக இன்னொருத்தி சாகணுமா?"

சொன்ன சொல்லை மீற முடியாது என்றேன். அப்படியானால் பிளைத்துக்கு ஒரு கடிதம் எழுதி, விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றாள். படுக்கையில் கிடக்கிற எதிராளியிடம் போய்க் கையேந்துவதா? மானம் என்று ஒன்று இல்லையா?

ஆகஸ்ட் 23
தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழுக்கு ஏழு. தலைவர் எதிர்ப்பு. தோற்றுவிட்டது.

ஆகஸ்ட் 27
வழக்கம்போல ஓடத்தில் ஏறியதும், கரைக்குக் கரை கட்டிய கயிற்றை இழுக்கக் கை வைத்தேன். ஓட்ஸ் என் கையை எடுத்துவிட்டுத் தானே இழுத்தார். கரை சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 14, ஹோபார்ட்
பிளைத் வந்துவிட்டார், பாதி ஆளாக. நேரே என்னிடம் வந்து, பாலம் எப்படித் தோற்றது என்று கேட்டார். உங்களுக்குக் கொடுத்த சொல்லால்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அடப்பாவி. அதுக்கு நான் ஆதரவுய்யா. என் ஆட்டையெல்லாம் அந்த ஓடத்துலதானே ஏத்துறேன்? ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே."

அவர் ஆடுகள் ஏறுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கேட்கவில்லை. எட்டு வருஷத்தில் அந்த மனிதரிடம் நான் எதையுமே கேட்டதில்லை.

செப்டம்பர் 17, வீடு
ஹெஸ்டரிடம் சொன்னேன். அழுதுவிட்டேன். இந்தக் கூட்டத்தொடரில் மசோதாவை மறுபடி கொண்டுவர முடியாது. இன்னொரு குளிர்காலம் — யார் வீட்டில் யார் பிள்ளைத்தாய்ச்சியோ? அவள் மையும் காகிதமும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். எதிர்த்த ஏழு பேருக்கும் எழுத உட்கார்ந்தேன்.

1911 ஆகஸ்ட் 12, வீடு
பால மசோதா வியாழக்கிழமை நிறைவேறியது. ஒன்பதுக்கு ஏழு. கடிதம் போட்ட ஏழு பேரில் ஒருவரும் மசியவில்லை. புதிதாகச் சேர்ந்த ஓட்டு பிளைத்துடையதும் என்னுடையதும்தான்.

இன்று ஓடத்தில் ஓட்ஸ் வாயைத் திறந்தார், ஒரு வருஷத்துக்குப் பிறகு.

"பாலம் எப்போ முடியும்?"

"ரெண்டு வருஷம் ஆகும்."

பாலம் வந்தால் அவர் பிழைப்புப் போய்விடும். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நடு ஆற்றில் சற்று நகர்ந்து, கயிற்றில் எனக்கு இடம் விட்டார்.