குளிப்பாட்டுவதற்கு முன்

கண்டக்குழி,
வெள்ளிக்கிழமை.

என் மகள் ஷிம்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ உடல் சுகத்தோடு இருக்க துஆச் செய்துகொண்டு வாப்பா எழுதுகிறேன். என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

உம்மா சுகம். காற்று மாறிவிட்டதால் வள்ளங்கள் கரையில்தான். நீ வேலை செய்யும் எலுவன்குளப் பக்கம் யானை வருகிறதாம், பொழுதுபட்டால் வெளியே போகாதே. பொலிஸ் உடுப்பைப் பார்த்து யானை ஒதுங்காது.

புத்தளத்தில் பொலிசாரையும் டாக்டர்மாரையும் ஒன்றாக இருத்தி, திடீர் மரணங்களை விசாரிக்கப் பழக்கினார்கள் என்று லீவில் வந்த நீ சொன்னாய். மையித்துப் படிப்புப் படித்தவளை எவன் கட்டுவான் என்று கேலி செய்தேன். காரணம் தெரியாத மரணம் என்றால் குளிப்பாட்டுவதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும், உடுப்பைக்கூட எறியக் கூடாது என்றாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்தேன்.

அந்த லீவிலேயே உன் சாச்சா, என் தம்பி நௌஃபர், சாப்பிட்ட கையோடு சத்தி எடுத்து மௌத்தாகிவிட்டான். நாங்கள் தண்ணீர் சுடவைத்து, கபன் துணியும் வெட்டிவிட்டோம். நீ வாசலை மறித்து நின்றாய்.

"குளிப்பாட்ட வாணாம் வாப்பா. நான் பொலிசுக்குச் சொல்லிட்டன்."

ஊர் முன்னால் நீ என் மகளே இல்லை என்றேன். மையித்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் ஏசிக்கொண்டே இருந்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மையித்தைச் சீக்கிரம் அடக்கச் சொல்லும் மார்க்கத்துக்காக அவசரப்பட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை மகள். அதற்கு முதல் நாள் அவனுக்கும் அவன் பெண்சாதி ஆசியா சாச்சிக்கும் பெரிய சண்டை. சோற்றில் அவள் என்னவோ போட்டுவிட்டாள் என்று நானும் உன் பெரிய வாப்பா ஹயாத்து முகம்மதும் குசுகுசுத்தோம். வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு மானக்கேடு, சத்தமில்லாமல் அடக்கம் செய்துவிட்டு, புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்ததும் அவளை ஊரைவிட்டே அனுப்புவது என்று முடிவும் கட்டினோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மையித்தைப் பரிசோதித்துப் பார்த்ததில், இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்திருந்ததாம். சோற்றில் ஒரு குற்றமும் இல்லையாம். டாக்டர் சொன்னதை நேற்றுச் சாச்சியிடம் சொல்லப் போனேன். இத்தாவில் இருப்பதால் திரைக்குப் பின்னால் இருந்து கதைத்தாள்.

"உங்கட மகள் இல்லாட்டி நான் கொலைகாரிதான் மச்சான். யாரு அப்படிக் கதைச்சதெண்டு நான் கேக்க மாட்டன்."

நடுவில் திரை இருந்தது நல்லது. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. வெட்கத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

சாச்சியிடம் மாப்புக் கேட்க வேண்டும். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. லீவு போட்டு வா மகள். நீ திரைக்கு உள்ளே அவள் பக்கத்தில் இரு, நான் வெளியே இருந்து சொல்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டால், வாப்பா என்று பார்க்காதே. மிச்சத்தையும் சொல்லு என்று பொலிசாகவே என்னைக் கேள்.

அல்லாஹ் உன்னை இப்படியே நேராக வைத்திருக்கட்டும்.

உன் வாப்பா,
இஸ்ஸதீன்