அம்மா கை தூக்கின இருபத்தினாலு செக்கன்

அன்பு மகள் பிரசாந்திக்கு,

அப்பா எழுதிறன். நீயும் மருமகன் நிருஷனும் அந்தக் குளிருக்குள்ளை வருத்தம் துன்பமில்லாமல் இருக்கவேணுமெண்டு கீரிமலையானைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்கிறன். நாங்கள் இருக்கிறம். போனிலை கதைச்சால் அம்மாவுக்குக் கேக்கும், அதாலைதான் இந்தக் கடிதம்.

அம்மாவின்ரை நரம்பு வருத்தத்தை ஒஸ்லோ டொக்டருக்குக் காட்ட நீ எழுதி அனுப்பின புரோகிராமிலை நாளுக்கொருக்கால் அவ கை தூக்கிறதை வெப்காமாலை பதிஞ்சுகொண்டு வாறன். போன கிழமை நீ பாத்திட்டு, தை மாசம் போனிலை எடுத்ததிலை கை தூக்கப் பதினொரு செக்கன், இப்ப எட்டுத்தான் அப்பா எண்டு அழுது சிரிச்சனி. அம்மாவும் அண்டைக்கு ரெண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டவ. எனக்குத்தான் மனம் ஒப்பேல்லை, அவவின்ரை சட்டைத் தெறியளை நாளாந்தம் பூட்டிவிடுறவன் நானெல்லே, அந்தக் கை ஏலாதது எனக்குத் தெரியாதோ. படத்தைத் திரும்பப் போட்டுப் பாத்தால் பின்சுவர் மணிக்கூட்டின்ரை செக்கன் முள்ளு தலைதெறிக்க ஓடுது. முப்பது செக்கன் எடுத்தது பத்திலை முடிஞ்சுபோகுது.

கணினி படிப்பிக்கிற அருட்செல்வன் மாஸ்டரை வீட்டை கூப்பிட்டுக் காட்டினன். பெரிய அளவிலை படம் கேட்டால் இந்தக் கமரா செக்கனுக்குப் பத்துப் படம்தான் குடுக்குதாம், புரோகிராமிலை முப்பது எண்டு எழுதிக் கிடக்காம், அதாலை மூண்டு மடங்கு கெதியா ஓடுதாம். படத்தின்ரை அளவைக் குறைச்சுப் பாத்தம், வேகம் சரிவந்தது, ஆனால் விரல் நடுக்கம் தெரியேல்லை. இருட்டறையிலை கமரா இன்னும் மெதுவா எடுக்குமெண்டு அம்மாவைக் கதிரையோடை யன்னலடிக்கு நகர்த்தினம். கடைசியிலை கமரா படத்தை அளவு குறையாமல் அமத்திச் சுருக்கி அனுப்பிற மாதிரி மாஸ்டர் மாத்திவிட, பெரிய படமும் செக்கனுக்கு முப்பதும் ஒண்டாச் சரிவந்தது.

அம்மா கை தூக்கினா. மடியிலையிருந்து தோள்மட்டத்துக்கு வர இருபத்தினாலு செக்கன். மாஸ்டர் வயரைச் சுத்தினார். இப்ப சரியா வந்துதோ எண்டு அம்மா கேட்டா. ஓம், வடிவா வந்திருக்கு எண்டன்.

பிள்ளை, பழைய படத்தை அப்பிடியே விட்டிடுவமோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சன். அதை நம்பி ஒஸ்லோ டொக்டர் மருந்தைக் குறைச்சால் என்ன செய்யிறது. அதாலை சரியானதை இதோடை அனுப்பிறன். இன்னுமொண்டு, இங்கத்தை டொக்டர் மாசி மாசமே என்னைத் தனியக் கூப்பிட்டு, போன பலம் இனித் திரும்பாது, நோகாமல் வைச்சுப் பாருங்கோ எண்டவர். உனக்கு ஒளிச்சதுக்குக் கோவிக்காதை. புரோகிராமிலை விட்ட பிழையை நினைச்சும் மனம் நோகாதை.

இதை எழுதிக்கொண்டிருக்க அம்மா பக்கத்திலை வந்து இருந்தா. பிள்ளையிட்டை அந்தக் கெதியான படமே இருக்கட்டுமன், ஏன் மாத்தினனீங்கள் எண்டு கேட்டா. அவவுக்கு எல்லாம் விளங்கியிருக்கு. நான் மிச்சக் கடிதத்தை எழுதிறன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நிருஷனோடை சண்டை பிடியாதை. கீரிமலை நகுலேஸ்வரர் உங்கள் ரெண்டுபேரையும் காப்பார். ஆடி லீவுக்கு வாறன் எண்டனி, ஏலுமெண்டால் சித்திரைக்கே வா பிள்ளை.

இப்படிக்கு,
உன்ரை அப்பா
சோமசேகரம்
தெல்லிப்பழை