பூஜை அறையில் இருந்த டிஸ்க்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் எடுத்த படங்கள் இருந்த அந்தச் சின்ன எஸ்எஸ்டி டிஸ்க்கை, நீங்கள் போன பிறகு கவிதா பூஜை அறையில் வைத்துவிட்டாள். உங்கள் போட்டோவுக்கு முன்னால், சந்தனப் பொட்டு வைத்து. யாரையும் தொடவிடவில்லை. என் தங்கைதானே, நானும் கேட்கவில்லை.

போன மாதம் கேட்க வேண்டி வந்தது. மண்ணரையில் குடியிருக்கும் ரஹீமாவை நினைவிருக்கிறதா? பனியன் கம்பெனியில் பட்டன் வைக்கிற மெஷினில் விரல் நசுங்கிய பெண். அவள் தங்களிடம் வேலையே பார்த்ததில்லை என்கிறது கம்பெனி. விபத்துக்கு முன்பு, அதே மெஷினில் அவள் வேலை செய்வதை நீங்கள் வீடியோ எடுத்திருந்தீர்கள். அவளுடைய நஷ்டஈட்டு விசாரணைக்கு வேறு ஆதாரம் இல்லை என்றே நினைத்திருந்தோம்.

கம்ப்யூட்டரில் சொருகினோம். ஒன்றும் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் முன் கடகடவென்று சத்தம் போடும் என்பீர்கள். இது அசையாமல் கிடந்தது.

கோயம்புத்தூரில் டேட்டா மீட்டுத் தரும் தம்பி பொறுமையாக விளக்கினார். இதில் படங்கள் மின்னூட்டமாகத்தான் நிற்குமாம். எழுதி அழித்துத் தேய்ந்த டிஸ்க், வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல், அதுவும் விளக்குச் சூட்டில் கிடந்தால், அந்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடுமாம். "எப்பவாச்சும் ஒருக்கா சொருகி வெச்சிருந்தீங்கன்னா பொழச்சிருக்குமுங்க" என்றார். சிப்பிலிருந்து பாதிப் படங்களை எடுத்துக் கொடுத்தார். ரஹீமா அதில் இல்லை.

"நாந்தானுங்கண்ணா கெடுத்துட்டேன்" என்று கவிதா அழுதாள். நீங்களாக இருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ரஹீமாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். டீ கொடுத்தாள். பிறகு எதையோ நினைத்துச் சிரித்தாள்.

"வெளிச்சத்த மறைக்கறீங்க, நகருங்கம்மான்னு உங்க மாப்ள எம்பக்கத்துல நின்னவங்களயெல்லாம் வெரட்டிட்டே இருந்தாருங்க. அவங்க இருக்கறாங்கல்லங்க?"

இருக்கிறார்கள். விசாரித்துப் போனேன். இரண்டு பேர் வேலை போய்விடும் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேறு கம்பெனிக்கு மாறிவிட்ட செல்வி மட்டும் உட்காரச் சொன்னாள். "என்னயத்தானுங்க ரெண்டு தடவ தள்ளி நிக்கச் சொன்னாரு. வந்து சொல்றனுங்க" என்றாள்.

விசாரணைக்குச் செல்வியை நானே கூட்டிப்போகிறேன். சாத்திய கதவுகளை மறுபடியும் தட்டுவேன். மிஞ்சிய படங்களுக்கு மூன்று பிரதி எடுத்து, மூன்று இடத்தில் வைத்தாகிவிட்டது. இனி அமாவாசைக்கு உங்களுக்கு விளக்கேற்றும் கையோடு புது டிஸ்க்கையும் சொருகிப் பார்ப்பாளாம் கவிதா.

அந்தப் பெண்கள் சொல்வதை நான்தான் வீடியோ எடுக்கப்போகிறேன். வெளிச்சம் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் ஒருத்தரையும் நகரச் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை.

உங்கள் மச்சான்,
கவிதாவின் அண்ணன்