ஐயா, வண்டி வந்துவிட்டது

அன்ரி, இன்று கணக்குப் பாடத்தின் நடுவில் என் கைபேசி அடித்தது. அடித்தது என்றா சொன்னேன்? நீங்கள் பேசினீர்கள். "ஐயா, வண்டி வந்துவிட்டது." ஆங்கில வாடை வீசும் அந்த டேனிஷில். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கைபேசி ஆசிரியரின் மேசைக்குப் போனது.

ஆயுசில் பாதியை இங்கிலாந்துப் படங்களில் நடித்து நீங்கள் சேர்த்த சொத்து அந்த வசனம். வேலைக்காரியாக வருவீர்கள், கதாநாயகனுக்கு வண்டி வந்ததைச் சொல்வீர்கள், கதவோடு மறைந்துவிடுவீர்கள். "பிணமாக நடித்த படத்தில்தான் எனக்குக் குளோசப் கிடைத்தது" என்று கண்ணடிப்பீர்கள். டேனிஷ்காரரைக் கட்டி டென்மார்க்கின் இக்காஸ்டுக்கு வந்து, அவர் போனபின் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தீர்கள்.

துணை வேடத்துக்கு டேனிஷில் 'பிறொல' என்பார்கள். 'பி' என்றால் தேனீயும்தான். அம்மாவுக்கு நான் வேண்டுமென்றே 'தேனீ வேடம்' என்று மொழிபெயர்த்தேன்.

"பாவமடி அந்த மனுசி, காலம் முழுக்கத் தேனீயாவே நடிச்சிருக்கு" என்று அம்மா உங்களுக்கு ஒரு போத்தல் தேன் கொண்டுவந்தார். விஷயம் தெரிந்து நீங்கள் சிரித்ததில் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. "தேனீ என்றால் கொட்டவும் வேண்டுமே" என்றீர்கள்.

கொட்டவேண்டிய ஆளும் இருந்தார். எங்கள் ஊர் நாடகக் குழுத் தலைவர் பென்ட். ஒரே ஒரு வேடம் கேட்டு நீங்கள் போகும்போதெல்லாம், "உங்கள் டேனிஷைக் கேட்டால் சனம் சிரிக்கும்" என்று திருப்பி அனுப்பியவர். கடைசித் தடவை நானும் கூட வந்தேன். அன்றும் அதே பதில்தான். திரும்பி வந்ததும் உங்கள் வீட்டு வாசலில் என் கைபேசியை வாங்கி அந்த வசனத்தை டேனிஷில் பதிந்தீர்கள். "நான் ஏறாத மேடையில் இதாவது ஏறட்டும்."

உங்கள் அஞ்சலிக் கூட்டத்தில் பேச எழுந்தவரும் அதே பென்ட்தான், கையில் கைக்குட்டையோடு. உங்களுக்குப் பிடித்த பாட்டைப் போடுவதற்காக என் கைபேசியை மண்டப ஒலிபெருக்கியோடு கம்பியில்லாமல் இணைத்து என் கையிலேயே விட்டிருந்தார்கள்.

"என் மேடை அவருக்காக எப்போதும் திறந்தே இருந்தது" என்றார்.

அழுத்தினேன்.

"ஐயா, வண்டி வந்துவிட்டது."

மனுசன் உண்மையிலேயே வாசலைத் திரும்பிப் பார்த்தார், அன்ரி! மண்டபம் வெடித்தது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி அழுத்தினேன். பாதிப் பேச்சோடு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது பலித்தது. உங்கள் டேனிஷைக் கேட்டுச் சனம் சிரித்தது, அவரைப் பார்த்து.

அம்மா என் தொடையைக் கிள்ளினார். "செத்த வீட்டிலயும் உன்ர பகிடியோடி?" பிறகு காதுக்குள், "இன்னொருக்காப் போடு."

என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஒருக்காலும் மாட்டேன். அவர் உங்களிடம் கேட்டாரா?

வரும் சனிக்கிழமை அவருடைய புது நாடகம். கதாநாயகனும் அவரேதான். முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். மாலையில் கைபேசியும் திரும்பக் கிடைத்தது. சட்டைப்பைக்குள் நீங்கள் இருக்கிறீர்கள், சத்தம் முழுதாக ஏற்றியபடி. அவர் வாயைத் திறக்கட்டும்.