கேப்சூல் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு உறை

கிளென்,

வேலைக்குக் கிளம்பிட்டேன். ஃப்ரிட்ஜுல என் வயித்து கேப்சூல் பாட்டிலுக்குப் பின்னால ஒரு உறை இருக்கு. தின்கிற பொருள் இல்ல, பிரிக்காதே. அம்பது வயசானதும் குடல் புத்துநோய் இருக்கான்னு பார்க்க கவர்மென்ட் தபால்ல அனுப்பின மலப் பரிசோதனை டப்பாதான். முந்தாநாள்தான் மாதிரி எடுத்து உறையில போட்டேன்.

டாக்டர்கிட்ட காட்டுன்னு நீ சொன்னப்பல்லாம், "எனக்கு வெறும் குடல் எரிச்சல், ஆறு வருஷமா நல்ல கிருமி கேப்சூல் போட்டு அடக்கி வச்சிருக்கேன், நீ என்ன டாக்டரா"ன்னு எரிஞ்சு விழுந்தேன். இப்ப ஒரு மாசமா கேப்சூலுக்கு அடங்கல. இளைச்சுப்போய் பெல்ட்டுல ரெண்டு ஓட்டை புதுசா போட்டிருக்கேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்.

நேத்து தபால் பெட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். கை வரல. நீ போடு. ராக்ஹாம்ப்டன் வெயில்ல அது வேகக் கூடாது, சாயங்காலம் தபால் வண்டி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி போடு.

அடுப்புல ஆட்டுக்கறி இருக்கு. வழக்கம்போல வெங்காயம் இல்ல, எனக்கு ஆகாதே.

ரோவீனா

இன்னொண்ணு. முடிவு என் பேருக்குத்தான் வரும், நீயே பிரி. நல்ல சேதின்னா போன் பண்ணு. இல்லேன்னா வாயால சொல்லாதே. அன்னிக்குக் கறியில நிறைய வெங்காயம் போட்டு வதக்கு. வாசல்லயே வாசனை வரும், நான் தெரிஞ்சுக்கிறேன்.